குளிச்சிட்டு வாரேன் என்று சொல்லிப் போனவன்

லாரி வேலையை நான் விட்டது தப்பில்லை. விட்ட விதம் தப்பு. இந்த இரண்டையும் ஒன்றாகக் கலந்து, முதலாவதைச் சொல்லி இரண்டாவதை மறைத்துக்கொண்டே பல வருஷம் ஓட்டிவிட்டேன். ஏன் விட்டாய் என்று யாராவது கேட்டால் பதில் தயாராக இருக்கும்: படி பத்தாது, தூக்கம் கிடையாது, முதலாளி கணக்கு முடிக்கமாட்டார், என் கூலியையே விழுங்கிவிட்டார். இதில் முதல் மூன்றும் உண்மை. கடைசியாகச் சொன்னது பொய். அந்தப் பொய் எனக்கு எதற்குத் தேவைப்பட்டது என்பதைத்தான் இங்கே சொல்ல வேண்டும்.

எங்கள் மேலப்பாளையத்தில் ஆண்பிள்ளைக்குப் பிழைப்பு என்றால் முன்பு தறி, பிறகு வளைகுடா. இரண்டும் அமையாதவர்களில் கொஞ்சம் பேர் லாரிக்குப் போனோம். பெண்கள் வீட்டுக்கு வீடு சொளவை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றுவார்கள். என் உம்மாவும் அந்தச் சொளவை வைத்துத்தான் எங்களை வளர்த்தாள். ராத்திரி இலையை நனைத்து வைப்பது, காலையில் தகடு வைத்து வெட்டுவது, நரம்பு கிழிந்த இலையை ஒதுக்குவது எல்லாம் நான் நடை பழகும்போதே பார்த்த வேலை. அந்த இலை எங்கிருந்து வருகிறது என்பது மட்டும் லாரி ஏறிய பிறகுதான் தெரிந்தது. மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா காடுகளில் கோடையில் பறித்துக் காயவைத்து மூட்டை போட்ட இலை அது. ஆயிரம் மைலுக்கு அப்பால் இருந்து லாரியில் வந்துதான் எங்கள் தெரு வீடுகளில் பீடியாகிறது.

லாரி வேலைக்கு ஆர்டர் கிடையாது, ஒப்பந்தம் கிடையாது. தெரிந்தவர் ஒருவர், “நல்ல பையன், குடிக்கமாட்டான், வண்டியைப் பதனமா ஓட்டுவான்” என்று முதலாளியிடம் ஒரு வார்த்தை போட்டுவைப்பார். முதலாளி லைசென்ஸை வாங்கிப் பார்த்து ஒரு ஜெராக்ஸ் வைத்துக்கொள்வார். ஆர்.சி., இன்சூரன்ஸ், எஃப்.சி., பெர்மிட் எல்லாம் அடங்கிய பையும் சாவியும் கைக்கு வரும். வேலைக்குச் சேர்ந்தாயிற்று. அந்த நிமிஷத்தில் இருந்து பல லட்ச ரூபாய் வண்டியும் அதில் ஏறும் சரக்கும் நம் பொறுப்பு. அமெரிக்காவில் லாரி டிரைவர் வேலை மாறினால், முந்தைய மூன்று வருஷம் அவர் எப்படி ஓட்டினார் என்று பழைய கம்பெனியிடம் புதுக் கம்பெனி விசாரித்தாக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. நம் பக்கத்தில் அந்த விசாரணை புக்கிங் ஆபீஸ் வாசலிலும் டீக்கடையிலும் நடந்துவிடும்.

நான் சேர்ந்த கொஞ்ச நாளில் தங்கச்சிக்குக் கல்யாணம் குதிர்ந்தது. முதலாளியிடம் போய் நின்றேன். 20,000 ரூபாய் முன்பணம் கொடுத்தார். பத்திரம் எழுதவில்லை, சாட்சி கேட்கவில்லை. பெரிய கணக்கு நோட்டில் என் பேருக்கு ஒரு பக்கம் திறந்து எழுதிக்கொண்டார். “சிறுகச் சிறுகக் கழிச்சுக்கிடலாம்” என்றார். அவ்வளவுதான்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். நேஷனல் பெர்மிட் வண்டிக்கு இரண்டு டிரைவர் இருக்க வேண்டும் என்று 2018 வரை விதி இருந்தது. எங்கள் வண்டியில் பெரும்பாலும் நான் ஒருத்தன்தான். கூடவே ஒரு க்ளீனர். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், நெடுந்தூரமானால் பத்து மணி நேரம், 54 மணி நேரம் என்று அதில் வரம்பு போட்டிருந்தார்கள். ஆனால் ஐந்து தொழிலாளிக்குக் குறையாமல் வைத்திருந்த நிறுவனத்துக்குத்தான் அந்தச் சட்டம் பொருந்தியது. ஒரு வண்டி, இரண்டு வண்டி வைத்து, தவணை கட்டிக்கொண்டிருக்கும் முதலாளிகளிடம் வேலை பார்த்தவனுக்கு அது எட்டவில்லை. தொப்பூர் கணவாயில் கண் சொருகி, இரண்டு கன்னத்திலும் அறைந்துகொண்டு வண்டியை இறக்கிய ராத்திரிகள் எனக்கு உண்டு.

கணக்கும் அப்படித்தான். டீசல், டோல்கேட், ஏத்துக்கூலி, இறக்குக்கூலி, பஞ்சர், வழியில் கைமாறியது எல்லாவற்றையும் ட்ரிப் நோட்டில் எழுதிக்கொண்டு வருவோம். ஊருக்கு வந்ததும் முதலாளியோடு உட்கார்ந்து வரவு செலவு பார்த்து, படியும் வாடகையில் நம் பங்கும் எவ்வளவு என்று முடிக்க வேண்டும். எங்கள் முதலாளி, “அடுத்த நடைக்குப் பார்த்துக்கிடலாம்” என்பார். அடுத்த நடை வந்தாலும் அதே பேச்சு. எனக்கு எவ்வளவு வர வேண்டும், நான் எவ்வளவு தர வேண்டும் என்று இரண்டு பேருக்குமே சரியாகத் தெரியாத நிலை. அது அவர் தப்பு. ஆனால் உட்கார்ந்து முடியுங்கள் என்று ஒரு தடவைகூட நானும் அழுத்திக் கேட்கவில்லை. முன்பணம் வாங்கியவன் என்ற கூச்சம் வாயைக் கட்டிப்போட்டது.

2015 ஐப்பசி. சத்தீஸ்கரில் பீடி இலை ஏற்றி, ஐதராபாத், பெங்களூர் வழியாக 44-ஆம் எண் ரோட்டில் இறங்கி வந்துகொண்டிருந்தேன். தீபாவளி நெருங்கிய நேரம். அந்த வருஷத்து மழை தமிழ்நாட்டுக்கே மறக்காது. வழியில் சாப்பிட நிறுத்திய இடத்தில் நாமக்கல்காரர் ஒருவர் பேச்சுக் கொடுத்தார். தூத்துக்குடி துறைமுகத்துக்கு கன்டெய்னர் அடிக்கும் டிரெய்லருக்கு ஆள் வேண்டும், சம்பளம் கூடுதல், மாதம் தவறாது, நாளைக்கே வந்தால் வண்டி உனக்கு, இல்லையென்றால் வேறு ஆள் ஏறிவிடுவான் என்றார். நம்பர் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த ராத்திரி முழுக்க ஓட்டிக்கொண்டே யோசித்தேன். யோசித்தது போவதா வேண்டாமா என்று இல்லை. போவது என்று அவர் பேசிய இடத்திலேயே முடிவாகிவிட்டது. முதலாளிக்கு எப்படிச் சொல்வது என்றுதான் யோசித்தேன். போன் பையில்தான் இருந்தது. சொன்னால் ஊர் வந்து சரக்கை இறக்கிவிட்டுப் போ என்பார். அது நியாயம். முன்பணத்துக்கு என்ன வழி என்பார். அதுவும் நியாயம். எனக்கு முகம் கொடுத்த மனுஷன் குரல் மாறிப் பேசுவதைக் காதில் வாங்க எனக்குத் தைரியம் இல்லை. இதுதான் காரணம். படியும் தூக்கமும் கணக்கும் வேலையை விடுவதற்குக் காரணங்கள். சொல்லாமல் ஓடியதற்குக் காரணம் இந்தக் கோழைத்தனம் மட்டும்தான்.

விடியற்காலை நாமக்கல் பைபாஸில் ஒரு டீக்கடைக்குப் பக்கத்தில் வண்டியை ஓரம் கட்டினேன். க்ளீனர் சேரன்மாதேவிப் பக்கத்துப் பையன், பத்தொன்பது வயசு. டூல்பாக்ஸில் இருந்து ஸ்டவ்வை எடுத்து, பாடிக்கு அடியில் காற்றுப் படாமல் வைத்து, அரிசி களைந்துகொண்டிருந்தான். நான் என் பையை எடுத்தேன். சோப்பு டப்பாவை அவன் கண்ணில் படுகிற மாதிரி கையில் பிடித்துக்கொண்டேன். “அந்தப் பம்புசெட்டுல குளிச்சிட்டு வாரேன்” என்றேன். “சட்டுனு வாங்கண்ணே, சோறு ஆயிரும்” என்றான். ரோட்டைத் தாண்டினேன், முதலில் வந்த பஸ்ஸில் ஏறினேன், போனை அணைத்தேன். சாவி வண்டியிலேயே இருந்தது. பேப்பர் பையை ஒழுங்காக டேஷ்போர்டில் வைத்திருந்தேன். வண்டிக்கு ஒரு பொருள் குறையாமல் விட்டுவிட்டுத்தானே வந்தோம் என்று பஸ்ஸில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தப் பையனை விட்டுவிட்டு வந்தது கணக்கில் வரவில்லை.

பிறகு நடந்தது எல்லாம் முதலாளியின் கணக்கப்பிள்ளை சொல்லித்தான் எனக்குத் தெரியும். பையன் மத்தியானம் வரை காத்திருந்திருக்கிறான். எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பம்புசெட், கிணறு என்று தேடி அலைந்திருக்கிறான். பிறகு டீக்கடைக்காரர் போனை வாங்கி முதலாளிக்குச் சொல்லியிருக்கிறான். தீபாவளி நேரத்தில் மாற்று டிரைவர் கிடைக்கவில்லை. கையில் காசில்லாத பையன் ஊர் பேர் தெரியாத இடத்தில் வண்டிக்குக் காவலாகக் கிடந்தான். வண்டியை விட்டுப் போனால் டீசலை உறிஞ்சிவிடுவார்கள், ஸ்டெப்னியைக் கழற்றிவிடுவார்கள். ராத்திரி மழை பிடித்தபோது, இரண்டு ஆள் இழுத்துக் கட்ட வேண்டிய தார்ப்பாயை ஒத்தையாக இழுத்திருக்கிறான். முன்பக்கத்தில் ஓரம் கிழிந்து தண்ணீர் இறங்கியது. மேல் வரிசை மூட்டைகள் நனைந்துவிட்டன.

பீடி இலை நனைந்தால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். பூசணம் பிடிக்கும், கறுக்கும், வெட்டும்போது கிழியும். கம்பெனி எடை போட்டுத்தான் இலை கொடுக்கும். அந்த இலையில் கணக்குப்படி பீடி தேறாவிட்டால், சுற்றுகிற பெண் கடையில் சொந்தக் காசுக்கு இலை வாங்கிச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பீடியைக் கழித்துவிடுவார்கள். என் உம்மா அப்படி வாங்கியதை நான் பார்த்திருக்கிறேன். முதலாளிக்குப் பாடம் புகட்டியதாகத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நனைந்த மூட்டைக்கு முதலாளியின் வாடகையில் பிடித்தார்கள், அது உண்மை. அதோடு நின்றதா என்று எனக்குத் தெரியாது. நனைந்தும் நனையாமலும் தப்பிய இலை எந்த வீட்டுச் சொளவுக்குப் போய்ச் சேர்ந்ததோ.

அதற்குப் பிறகு ஒன்று நடந்தது. அதைக் கேட்டபோதுதான் எனக்கு முதன்முதலாக வெட்கம் வந்தது. எங்கள் தெருக்காரர் ஒருவர் என் இடத்தில் அந்த வண்டிக்கு டிரைவராகப் போனார். அவர் மனைவியைப் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த சமயம், முதலாளியிடம் முன்பணம் கேட்டிருக்கிறார். “மேலப்பாளையத்து ஆளுக்குக் கொடுத்துப் பட்டது போதும்பா” என்று சொல்லிவிட்டார். எனக்கு 20,000 ரூபாயைப் பத்திரம் இல்லாமல் எடுத்துக் கொடுத்த அதே கை. அந்தக் கையை மூட வைத்தவன் நான். எழுத்தில் எதுவும் இல்லாத தொழிலில் ஒருத்தன் செய்வது அவனோடு முடிவதில்லை. அவன் ஊர், அவன் தெரு, அவனுக்குப் பரிந்து பேசியவர் எல்லார் பேரிலும் பற்றெழுதிவிடுகிறார்கள். எனக்காக முதலாளியிடம் வார்த்தை போட்டுவைத்தவர் அதன் பிறகு அந்தப் புக்கிங் ஆபீஸ் பக்கமே போகவில்லை.

என்னைக் கட்டிப்போட்டிருந்தால் ஓடியதற்காவது அர்த்தம் உண்டு. முன்பணத்தைக் காட்டி ஓர் ஆளை வேலையில் பிடித்துவைப்பதைக் குற்றமாக்கி 1976-லேயே கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது. அந்த நிலையில் இருப்பவன் எப்படித் தப்பித்தாலும் அது சரிதான். எங்கள் சொந்தத்தில் ஒருவர் சவூதியில் வீட்டு டிரைவர். அங்கே முதலாளியிடம் சொல்லாமல் வெளியேறினால் ‘ஹுரூப்’ கொடுத்துவிடுவார்கள். ஓடிப்போனவன் என்று அரசாங்கப் பதிவில் ஏறி, லேசில் வேறு வேலைக்கும் போக முடியாது, ஊருக்கும் திரும்ப முடியாது என்று ஆகிவிடும். 2021 மார்ச்சில் வேலை மாறுவதற்கு அங்கே விதிகளைத் தளர்த்தினார்கள். வீட்டு டிரைவர்களுக்கு அந்தத் தளர்வு கிடைக்கவில்லை. அவர் போனில் இதைச் சொன்னபோது என்னால் பதில் பேச முடியவில்லை. அவருக்குக் கதவே இல்லை. எனக்குக் கதவு அகலத் திறந்து கிடந்தது. போகிறேன் என்று சொல்லியிருந்தால் முதலாளி முகத்தைச் சுளித்திருப்பார், நாலு வார்த்தை பேசியிருப்பார், அதற்கு மேல் ஒன்றும் செய்திருக்க முடியாது. அந்த நாலு வார்த்தைக்குப் பயந்து பத்தொன்பது வயசுப் பையனை மழையில் விட்டேன்.

டிரெய்லர் வேலை சொன்னபடியே நல்ல வேலைதான். முதுகு ஒத்துழைக்காமல் போனதால் சில வருஷம் கழித்து அதையும் விட வேண்டி வந்தது. இந்தத் தடவை முறையாக விட்டேன். என்னால் இனி நெடுந்தூரம் முடியாது என்று ஒரு மாதத்துக்கு முன்னாலேயே நேரில் போய்ச் சொன்னேன். ஓடிக்கொண்டிருந்த லோடை முடித்து, வெறும் வண்டியாகக் கொண்டுவந்து செட்டில் நிறுத்தினேன். புது டிரைவரோடு இரண்டு நடை கூடப் போய், எந்த கியர் எப்போது அடம்பிடிக்கும், எந்தப் பக்கத்து பட்டா தட்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். கடைசி நாள் முதலாளியை வைத்துக்கொண்டே ஒவ்வொரு டயர் நம்பரையும் நோட்டோடு ஒத்துப் பார்த்தோம். ஸ்டெப்னி, ஜாக்கி, வீல் ஸ்பேனர், கயிறு, பேட்டரி, டேங்கில் இருந்த டீசல், ஃபாஸ்டேக்கில் இருந்த மிச்சம், வண்டி பேரில் விழுந்த அபராதச் சலான் எல்லாம் பார்த்து, கணக்கு முடித்து, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். முழுசாக ஒரு மத்தியானம் ஆனது. வருத்தம்தான் அவருக்கு, ஆனால் கோபம் இல்லை. இப்போதும் நல்ல டிரைவர் வேண்டுமென்றால் எனக்கு போன் போட்டுக் கேட்கிறார்.

அந்த மத்தியானம்தான் என்னைப் பழைய முதலாளி வாசலுக்கு அனுப்பியது. வேலையை ஒழுங்காக விடுவதற்கு இவ்வளவுதான் பாடு என்று தெரிந்த பிறகு, தெரியாதவன் மாதிரி இருக்க முடியவில்லை. 20,000 ரூபாயை எடுத்துக்கொண்டு போனேன். அவர் வண்டியை விற்றுவிட்டு வீட்டோடு இருந்தார். என்னைப் பார்த்ததும் திட்டவில்லை, உட்கார் என்றும் சொல்லவில்லை. உள்ளே போய் அந்தப் பழைய நோட்டை எடுத்து வந்தார். என் பேரில் திறந்த பக்கம் அப்படியே இருந்தது. இடது பக்கம் முன்பணம். வலது பக்கம், நான் ஓடிப்போன பிறகு அவரே உட்கார்ந்து கணக்குப் பார்த்து எழுதிய என் பாக்கி. முடிக்காமல் கிடந்த நடைகளின் படி, வாடகைப் பங்கு எல்லாம். கழித்தது போக நான் தர வேண்டியது பாதிக்கும் குறைவு. மிச்சத்தை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். “நீ வந்து கேட்டிருந்தா அன்னைக்கே இதைத்தாம்ல சொல்லியிருப்பேன்” என்றார். பிறகு, “நனைஞ்ச மூட்டைக்கு உங்கிட்ட நான் ஒண்ணும் கேக்கல. அந்தப் பயலப் போய்ப் பாரு” என்றார்.

போய்ப் பார்த்தேன். அவன் இப்போது சொந்தமாக ஒரு லோடு ஆட்டோ வைத்து வாழைத்தார் அடிக்கிறான். மன்னித்துவிடு என்று நான் தொடங்கியபோது கையைக் காட்டி நிறுத்தினான். காசு, மழை, பட்டினி எதையும் அவன் பேசவில்லை. “எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லாண்ணே? நான் யார்ட்டயும் சொல்லியிருக்க மாட்டேன். நீங்க கிணத்துல விழுந்துட்டீங்கன்னு நெனச்சு அழுதேன்” என்றான். என்னிடம் பதில் இல்லை. முதலாளிக்கு ஆயிரம் குறை சொல்லலாம். இவன் எனக்கு என்ன செய்தான்? எனக்கும் சேர்த்துச் சோறு வைத்தான். அன்றைக்கு அவன் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தான். அதனால் கணக்கு நேராகிவிட்டது என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை.

இப்போது நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். லாரியில் இருக்கும் பையன்கள் வேலை மாறப் போகும்போது என்னிடம் கேட்பார்கள். போகாதே என்று நான் யாரையும் சொன்னதில்லை. நல்ல சம்பளம் கிடைத்தால் போக வேண்டியதுதான். லோடை இறக்கிவிட்டுப் போ, சாவியை முதலாளி கையில் கொடுத்துவிட்டுப் போ, கணக்கு நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போ, எல்லாவற்றுக்கும் முன்னால் கூட இருக்கும் க்ளீனரிடம் சொல்லிவிட்டுப் போ என்பேன். முதலாளிகளிடமும் சொல்ல எனக்கு ஒன்று உண்டு. வேலையை விட்டவனுக்கு இரண்டு வேலை நாளுக்குள் பாக்கியைக் கொடுத்துவிட வேண்டும் என்று 2019-ல் வந்த ஊதியச் சட்டத் தொகுப்பில் இருக்கிறது. சட்டத்துக்காக இல்லாவிட்டாலும், நடைக்கு நடை கணக்கை முடித்துவிடுங்கள். முடிக்காத கணக்குதான் ஆளைப் பேசவிடாமல் செய்கிறது.

கடைசியாக அந்தப் பொய். கூலியை விழுங்கிவிட்டார் என்று அவரைப் பற்றி நான் பஜாரில் சொன்னேன், சந்தைப் பக்கம் சொன்னேன், என் கல்யாணப் பேச்சில் வேலையை ஏன் விட்டாய் என்று கேட்ட பெண் வீட்டாரிடமும் சொன்னேன். ஓடிப்போனவன் என்ற பேர் எனக்கு வராமல் இருக்க, விழுங்கினவர் என்ற பேரை அவருக்கு வைத்தேன். அதைக் கேட்டு அவரிடம் வேலைக்குப் போகாமல் இருந்தவர்கள் உண்டு. அவர் என் கூலியில் ஒரு ரூபாய்கூட எடுக்கவில்லை. நான் கேட்காத கணக்கையும் எழுதி வைத்திருந்தவர் அவர். என் வாயால் பரவியதை என் பேரிலேயே எழுதித் திருத்துவதுதான் முறை. அதற்காகத்தான் இதை எழுதினேன்.